செல்லக் குரலும் ஒரு விடைபெறலும்

பத்து வருடத்துக்கு முன் நான் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஜூனியர் நான்காவது பருவத்தின் இறுதிச்சுற்று 2015 பிப்ரவரியில் நடந்தது. எடிசனில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வீட்டில் அதன் பதிவைப் பார்த்தோம். ‘தமிழகத்தின் செல்லக் குரலுக்கான தேடல்’ என்பது நிகழ்ச்சியின் முழக்கம். முதலிடம் பெங்களூர் ஸ்பூர்த்திக்கு, இரண்டாமிடம் கனடாவிலிருந்து வந்த ஈழத்துச் சிறுமி ஜெசிக்கா ஜூட்ஸுக்கு. தேடிய இடம் ஒன்று, கிடைத்த இடங்கள் வேறு.

ஜெசிக்கா பாடியது ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தின் ‘விடை கொடு எங்கள் நாடே’. “அனுதாப வாக்கு” என்றேன். நண்பர் தேநீரைக் கீழே வைத்தார். “நீங்கள் பாட்டுப் போட்டி எண்டு பாக்கிறியள். நாங்கள் அப்பிடிப் பாக்கேல்லை” என்றார். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. யூரோவிஷனில் எந்த நாட்டுப் பார்வையாளரும் சொந்த நாட்டுக்கு வாக்களிக்க முடியாது. 2023 முதல் போட்டியில் இல்லாத நாடுகளின் வாக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு நாட்டின் வாக்காகத்தான் எண்ணப்படுகின்றன. பாசம் வாக்காகும் என்று தெரிந்தே கட்டிய அணை அது. ஆனாலும் துருக்கி போட்டியிட்ட காலத்தில் ஜெர்மனியில் வாழ்ந்த துருக்கியர் அதற்கு வாக்களித்ததைத் தடுக்க முடிந்ததா? இன்னொன்று, அங்கே புதுப் பாடல் கொண்டுவர வேண்டும். நம் மேடையில் பழைய சினிமாப் பாட்டுதான். கனடாவின் பெயரோடு வந்த பிள்ளைக்கும் கோடம்பாக்கம்தான் பாட்டுப் பெட்டி.

நான் தவறவிட்டது அதற்குள்தான் இருந்தது. அந்தப் பாட்டை எழுதியவர் வைரமுத்து, இசை ரஹ்மான், இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். படம் வெளிவந்த 2002 பிப்ரவரியில்தான் இலங்கையில் போர்நிறுத்த ஒப்பந்தமும் கையெழுத்தானது. திரையில் பல குரல்கள் சேர்ந்து பாடுகின்றன. அதில் மனதில் தங்குவது எம்.எஸ். விஸ்வநாதனின் முதிர்ந்த, கரகரத்த குரல். விட்டுப் போகிறவன் குரல் அது. வீட்டையும் கிணற்றையும் கண்ணால் கண்டவன் குரல். ஜெசிக்காவின் குரலில் அந்தக் கரகரப்பு இல்லை, இருக்கவும் முடியாது. 2009இல் எல்லாம் முடிந்தபோது அவள் சின்னக் குழந்தை. விட்டுப் போனவர்கள் பெற்றவர்களின் தலைமுறை. கேட்டு வளர்ந்த துக்கத்தைத்தான் அவள் பாடினாள். அதனால் அழுத்த வேண்டிய இடத்தில்கூட நேராகப் பாடிக்கொண்டு போகிறாள். அன்று அதை அனுபவக் குறைவு என்று நினைத்தேன். இப்போது கேட்கையில் அந்த நேர்மைதான் பிடிக்கிறது. இல்லாத நினைவை இருப்பதாகக் காட்டவில்லை அவள்.

கேமராவுக்கு அந்த அடக்கம் இல்லை. அழும் முகங்களைத் தேடித் தேடிக் காட்டுகிறது. அனுதாபத்தை விற்றது நிகழ்ச்சி. நான் பழியைப் போட்டதோ பாடிய பிள்ளைமீதும் வாக்களித்தவர்கள்மீதும்.

பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தருவதாக அந்த மேடையிலேயே அறிவித்தார்கள். ‘தமிழ்நாட்டிலும்’ என்ற சொல்லை அன்று நான் கவனிக்கவே இல்லை.

போன மாதம் இங்கே பிறந்த என் மகளுக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். ஒரு வரி விடாமல் கேட்டாள். “இவள் கனடாவுக்கு விடை சொல்கிறாளா?” என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு நண்பருக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “பிள்ளையை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றார்.