சுவடும் நூலும்

மட்டக்களப்பில் வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவின் வயற்புறங்களில் நடப்போர்க்கு யானைச் சுவடு அபூர்வ தரிசனமன்று. முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால் அவ்விலங்கின் தோளுயரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும் என்பதை அறிந்த ஆசிரியருக்கு, டைனோசர் பாடத்தை ஆரம்பிக்க வேறு உபகரணம் எதற்கு? (சுவட்டுக்குரியவர் தூரம் போய்விட்டாரா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது உசிதம்!) இதையொத்த யுக்தியால்தான், பிரித்தானிய விலங்கியல் அறிஞர் மக்நீல் அலெக்சாண்டர், கல்லாகிவிட்ட சுவட்டின் நீளத்தை நான்கால் பெருக்கி இடுப்புயரத்தையும், ஒரே காலின் அடுத்தடுத்த சுவடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் சேர்த்து நடைவேகத்தையும் கணிக்கும் முறையை 1976இல் வகுத்தார். அச்சடித்த படத்துக்குப் பச்சை வர்ணம் தீட்டுவதைவிட இக்கணக்கு எத்தனையோ மடங்கு ரசமானது.

கோதாவரிப் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்டு, 1975இல் மகாகவி தாகூரின் நாமத்தோடு விஞ்ஞான உலகில் பிரவேசித்த பாரபாசாரஸ் என்ற டைனோசரின் தொடையெலும்பு சுமார் 1.7 மீற்றர். அதைச் சுண்ணக்கட்டியால் சீமெந்துத் தரையில் வரைந்து, பக்கத்தில் ஒரு சிறுவனைப் படுக்கவைத்தால், கோட்டுக்கு அவன் எட்டாமற்போவது கண்டு வகுப்பே ஆரவாரிக்கும்.

'நம் ஊரில் எலும்பு கிடைக்குமா, சேர்?' என்று எவரேனும் கேட்பது நிச்சயம். அப்போது பூமிசாஸ்திரம் தானே வந்து சேர்கிறது. இலங்கையின் பெரும்பகுதிப் பாறைகள் டைனோசர்களுக்கு மிகவும் முந்தியவை. ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. ஆகவே, மட்டக்களப்பில் மண்வெட்டியோடு புறப்பட அவசரம் வேண்டாம்.