முன்னுரையை வெட்டினால் பாட்டி காணாமல் போவாள்

சாதித்த பெண்களின் குடும்ப வரலாற்றை ஒரு எக்செல் கோப்பில் சேர்த்துக்கிட்டு வர்றேன். சாப்ட்வேர் ஆசாமி இல்லையா, முதல் வேலையா கட்டம் போட்டேன்: பெயர், தந்தை, கணவர். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கே கட்டம் உதவலை. அந்த 'எம்.எஸ்.' மதுரை சண்முகவடிவு. அதாவது ஊரும் அம்மாவும். அம்மா வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின் கலைஞர். வித்தை வந்த வழி அதுதான்.

இப்படித் தன் பாட்டியை முன்னிறுத்திய இன்னொருத்தர் முத்துப்பழனி. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்தவர். தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனமு' என்ற சிருங்கார காவியம் எழுதினார். அதன் முகப்பில் தன்னைப் பற்றியும், பாட்டி தஞ்சநாயகி முதலான குடும்பத்தார் பற்றியும் பெருமையோடு சொல்லியிருந்தார்.

1887இல் இந்நூல் அச்சில் வந்தபோது சில பாடல்களோடு அந்த முகப்பும் விடுபட்டது. பாடல்களை நீக்கியது சிருங்காரத்துக்காக என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தைப் பற்றிச் சொன்னதில் என்ன ஆபாசம்?

பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கு அந்தப் பதிப்பு போதலை. மூலத்தோடு ஒப்பிட்டு 1910இல் முழுசா வெளியிட்டார். விதவை மறுமணத்துக்காகப் பாடுபட்ட வீரேசலிங்கமே ஒரு பெண் இப்படி எழுதலாமா என்று கண்டித்தார். நாணம் பெண்ணுக்கு மட்டும்தானா, ஆண்கள் எழுதினால் பரவாயில்லையா என்று அம்மையார் திருப்பிக் கேட்டார். 1911இல் ஆங்கில அரசு தடை விதித்தது. அது நீங்க 1947 ஆச்சு.

இந்தக் கதையைப் பெரும்பாலும் கருத்துச் சுதந்திரச் சண்டையாகவே எழுதுறாங்க. அது சரிதான், ஆனா பாதிதான். நாகரத்தினம்மாள் மீட்டது சிருங்காரப் பாட்டை மட்டுமில்லை, ஒரு பெண் தானே எழுதி வைத்த வம்சக் குறிப்பையும்தான். என்னைக் கேட்டால், நம்ம பக்கத்துக் குடும்ப வரலாற்று ஆராய்ச்சியில் அது ஒரு முன்னோடி வேலை.

இதில் வேடிக்கை என்னன்னா, அவருக்கே அந்தக் கதி. நாம் எழுதும் வாழ்க்கைக் குறிப்புகள் பலதில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பக்தை இருக்கிறார். அம்மா புட்டலட்சுமிக்கு ஒரு வரி கிடைத்தால் அதிசயம், 1910 பதிப்புக்கு அதுவும் இல்லை. பக்தி நமக்கு வசதி. தேவதாசி மரபில் வந்த பதிப்பாசிரியர் என்றால் சங்கடம். அதனால் 1887இல் செய்ததையே நாமும் செய்றோம்.

நானும் யோக்கியனில்லை. என் கோப்பில் தந்தை பெயர் கிடைக்காத இடத்திலெல்லாம் 'தகவல் இல்லை' என்று போட்டு நகர்ந்திருக்கேன். இப்போ இரண்டு புதுக் கட்டம் சேர்த்தாச்சு: தாய், பாட்டி. மூன்றாவதாக இன்னொன்று: 'எந்தப் பதிப்பில் எது விடுபட்டது'. அதை நிரப்பாமல் இனி 'தகவல் இல்லை' என்று எழுதுறதில்லை.