குழியைத் தேடும் குண்டு

கோல்ஃப் ஆடுகிறவர்கள் குழிக்கு 100 கஜத்துக்குள் வந்ததும் வேகத்தை அடக்கி, பந்தைக் கொடியருகே இறக்க மணிக்கணக்கில் பழகுவார்கள். மொத்த அடிகளைக் குறைப்பதில் அந்தச் சிற்றடிக்குப் பெரிய பங்கு உண்டு. படவேட்டில், சவ்வாது மலையடிவாரத்து வாழைத்தோப்போரம் கோலி ஆடும் பையன்களின் விரலிலும் அதே வித்தைதான் இருக்கிறது.

இடது கட்டைவிரலை மண்ணில் ஊன்றி, நடுவிரல் நுனியில் குண்டை வைத்து, வலக்கையால் வில்லைப்போல் பின்னுக்கு வளைக்கிறான் ஒருவன். குண்டோடு குண்டு மோதும் 'டக்' என்ற ஓசை அழகுதான். அதைவிட எனக்குப் பிடித்தது, குழியை நோக்கி உருட்டும்போது வரும் சத்தமில்லாத ஓட்டம். சரிவையும் சரளையையும் கண்ணாலேயே அளக்கிறான், மண்ணை உள்ளங்கையால் நீவுகிறான், மூச்சடக்கி விடுகிறான். குண்டு தயங்கித் தயங்கிப் போய், விளிம்பில் ஒரு கணம் யோசித்து, உள்ளே சாய்கிறது.

பலம் காட்டுவது எளிது; அடக்கிக் காட்டத்தான் பழக்கம் வேண்டும். தோற்றதற்குத் தண்டனையாக விரல் முட்டியால் குண்டைத் தள்ளித் தேய்ந்த விரல்களைக் கேளுங்கள். இந்தப் படிப்புக்கு இங்கே தேவை, ஒரு கண்ணாடிக் குண்டும் குதிகாலால் திருகிய குழியும்தான்.