நாமக்கல்லுக்கு அனுப்பலாமா?

மே மாதக் கடைசியில் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். நாமக்கல் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தகரப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் பக்கெட், பாயில் சுருட்டிய தலையணை, நடுவே பதினைந்து வயதில் ஒரு பிள்ளை. பக்கத்தில் அப்பா, சட்டைப் பையில் பணம் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா, 'ஞாயித்துக்கிழமை எண்ணெ தேச்சுக் குளிடா' என்பார். திருவண்ணாமலைக்காரர்கள், ராமநாதபுரத்துக்காரர்கள், கடலூர்க்காரர்கள்... இருபது வருஷத்துக்கும் மேலாக இந்தக் கூட்டம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த வருஷம் அதில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் உண்டு. லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மகள் பத்தாம் வகுப்பில் 487. ரிசல்ட் வந்த மறுநாள் போன் செய்தார். "ஏனுங்க சார், பொண்ண நாமக்கல்ல சேத்தலாங்களா? ரெண்டு வருசத்துக்கு மூணரை லட்சம் ஆகுமாட்ட இருக்குது. நீங்க பத்திரிகையில எழுதறவரு, நாலு விசயம் தெரிஞ்சவரு. சொல்லுங்க."

நாலு விஷயம் தெரிந்தவர் என்று யாராவது சொன்னாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு நாள் டயம் கேட்டேன். அந்த இரண்டு நாளில் யோசித்ததைத்தான் உங்களிடமும் சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தப் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளிகள்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்த புண்ணியவானுக்குக் கோழி பற்றி அவ்வளவாகத் தெரியாது போலிருக்கிறது. கறிக்கோழிக்குப் பேர் போன ஊர் பல்லடம். நாமக்கல் முட்டைக் கோழி ஊர். பேப்பரில் தினமும் 'நாமக்கல் மண்டல முட்டை விலை' என்று வருகிறதே, பார்த்திருப்பீர்கள். முட்டைக் கோழி வளர்ப்பு வேறு மாதிரி. கூண்டுக்குள் வரிசையாக நிற்க வைப்பார்கள். சூரியன் போன பிறகும் விளக்குப் போட்டு, ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பார்கள். வெளிச்சம் இருந்தால்தான் முட்டை விழும். ஐந்து மாதத்தில் முட்டையிட ஆரம்பிக்கும் கோழியை, வயது 80 வாரத்தை நெருங்கும்போது கழித்துவிட்டு அடுத்த பேட்சை ஏற்றுவார்கள்.

விடுதியில் காலை 5 மணிக்கு லைட் போடுகிறார்கள். ராத்திரி 10 மணிக்கு அணைக்கிறார்கள். கணக்குப் பாருங்கள். கோழிக்கே ஒரு மணி நேரம் குறைவு.

கிண்டல் போதும். இந்தப் பள்ளிகள் எப்படி வந்தன என்று தெரியாமல் திட்டுவது நியாயமில்லை. மழையை நம்பி வெள்ளாமை செய்ய முடியாத மேட்டு நிலம் இது. அதனால்தான் இந்தப் பக்கத்து ஆட்கள் லாரி வாங்கினார்கள், பாடி கட்டினார்கள், திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக்கை இந்தியா முழுக்க ஓட்டிக்கொண்டு போனார்கள், கோழிப் பண்ணை போட்டார்கள். தனி ஆளாக முடியாததைப் பங்கு சேர்ந்து செய்து பழகிய ஊர். அதே மாதிரி பங்கு சேர்ந்து பள்ளிக்கூடமும் கட்டினார்கள்.

சரக்குக்கு மார்க்கெட் கிடைத்தது அரசாங்கத்தின் புண்ணியத்தில். தமிழ்நாட்டில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பாதகம் என்று பல வருஷம் பேசி, கோர்ட்டுக்கெல்லாம் போய், கடைசியில் அனந்தகிருஷ்ணன் கமிட்டி சொன்னபடி 2006-ல் சட்டம் போட்டு, 2007 சேர்க்கையிலிருந்து எடுத்தார்கள். நல்ல எண்ணம்தான், நானும் அன்றைக்குக் கைதட்டியவன். ஆனால் அப்புறம் என்ன ஆயிற்று? பிளஸ் டூ மார்க் ஒன்றுதான் எல்லாமும் என்றாகிவிட்டது. பயாலஜிக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50, ஆக 200 கட்-ஆஃப். அதில் அரை மார்க், கால் மார்க்கில் டாக்டர் சீட் கைநழுவும். நாமக்கல்காரர்கள் இந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். பிளஸ் டூ மார்க் மட்டும்தான் எண்ணப்படும் என்றால் பிளஸ் ஒன் பாடம் எதற்கு? தூக்கி மூலையில் போட்டுவிட்டு, பிளஸ் டூ புத்தகத்தையே இரண்டு வருஷம் நடத்தினார்கள். காலையில் டெஸ்ட், சாயங்காலம் டெஸ்ட், ராத்திரி ரிவிஷன். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள் தூக்கத்தில் கேட்டாலும் வரும். மே மாதம் பேப்பரில் முழுப்பக்க விளம்பரம், ஸ்டாம்ப் சைஸில் முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் 1180, 1183, 1186.

அந்த முகங்களில் நிறையப் பேர் முதல் தலைமுறையாகப் படித்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நிலத்தை அடமானம் வைத்த அப்பாவின் பிள்ளை இன்று ஏதோ ஒரு அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டெதஸ்கோப்போடு நிற்கிறது. கான்வென்ட்டில் பிள்ளையைப் படிக்க வைத்துக்கொண்டே 'மனப்பாடம், மனப்பாடம்' என்று மூக்கைச் சுளிக்கும் சென்னைக்காரர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அவர்கள் வீட்டில் இருக்கும் புத்தக அலமாரியும், இங்கிலீஷ் பேசும் அத்தையும் வெல்டர் வீட்டில் இல்லை.

ஆனால் வெல்டர் கேட்ட கேள்வி வேறு. மூணரை லட்சம் கொடுத்தால் அதற்குத் தக்க பலன் உண்டா?

இங்கேதான் விளம்பரத்தைக் கொஞ்சம் திருப்பிப் படிக்க வேண்டும். இருபது முகம் போட்டிருக்கிறார்கள், சரி. அந்த வருஷம் எத்தனை பேர் எழுதினார்கள்? அதைப் போட மாட்டார்கள். அந்த இருபது பேரும் உள்ளே வரும்போது பத்தாம் வகுப்பில் எத்தனை மார்க்கோடு வந்தார்கள்? அதையும் போட மாட்டார்கள். 490-க்கு மேல் வாங்கிய பிள்ளைக்குக் கட்டணத்தில் சலுகை, அதற்கும் மேல் என்றால் இலவசம் என்று வலை வீசிப் பிடிப்பது அங்கே ஊரறிந்த ரகசியம். நல்ல விதையாகப் பொறுக்கி எடுத்து விதைத்துவிட்டு, விளைச்சலுக்கு என் உரம்தான் காரணம் என்றால் எந்த விவசாயி நம்புவான்?

இதே சந்தேகம் அமெரிக்காவிலும் வந்திருக்கிறது. நியூயார்க்கில் ஸ்டைவசன்ட், பாஸ்டனில் பாஸ்டன் லத்தீன் என்று பரீட்சை வைத்துப் பொறுக்கிச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள் உண்டு. காசு கிடையாது, ஆனால் இடம் கிடைத்தால் ஜென்மம் சாபல்யம் என்று அங்கேயும் பெற்றோர்கள் தவம் கிடப்பார்கள். ஜோஷ்வா ஆங்ரிஸ்ட் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் (2021-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்) அவருடைய சகாக்களும் ஒரு வேலை செய்தார்கள். கட்-ஆஃபுக்கு ஒரு மயிரிழை மேலே இருந்து உள்ளே போன பிள்ளைகளையும், ஒரு மயிரிழை கீழே இருந்து வெளியே நின்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே திறமை. உள்ளே போனவர்கள் பிற்பாடு ரொம்ப மேலே போயிருக்க வேண்டுமே? 2014-ல் வெளியான முடிவு, பரீட்சை மார்க்கில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றது. அதற்கு அவர்கள் வைத்த தலைப்பிலேயே 'மாயை' என்ற வார்த்தை இருக்கிறது.

ருமேனியாவில் செய்த இன்னொரு ஆராய்ச்சி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அங்கே நல்ல பள்ளியில் சேர்ந்தவர்களுக்கு மார்க் கொஞ்சம் கூடத்தான் செய்தது. ஆனால் கூடவே இரண்டு விஷயம். பெரிய பள்ளியில் சேர்த்தாகிவிட்டது என்று பெற்றோர் வீட்டில் கவனிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். தன் ஊரில் முதலாக இருந்து, இங்கே வந்து கடைசி வரிசையில் உட்கார நேர்ந்த பிள்ளை ஒதுங்கிப்போனது.

இந்த இரண்டாவது விஷயத்துக்கு ருமேனியா வரைக்கும் போக வேண்டாம். 'ஏ' செக்‌ஷனிலிருந்து 'எஃப்' செக்‌ஷனுக்கு மாற்றப்பட்ட ஒரு பையனைக் கேட்டால் போதும். மார்க் குறைந்தால் செக்‌ஷன் மாறும், நல்ல வாத்தியார் மாறுவார், சாப்பாட்டு மேஜையில்கூட இடம் மாறும். ஊரில் ஹெட்மாஸ்டர் மேடையேற்றிப் பாராட்டிய பிள்ளை அது. விடுதியில் மாணவர் மரணம் என்று அவ்வப்போது உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் செய்தி வருகிறது. காரணம் விசாரிக்கப்படுகிறது என்று முடியும். அடுத்த நாள் அந்தப் பக்கத்தில் வேறு செய்தி.

இனி 2017-க்கு வருவோம். நீட் வந்தது. மாநில பாடத்திட்டத்தில் 1150, 1170 என்று வாங்கிய பிள்ளைகள் தடுமாறி நின்றார்கள். நீட் கேள்வியில் ஏறத்தாழ பாதி பிளஸ் ஒன் பாடம். இரண்டு வருஷமாகத் தொடாத புத்தகம்! அதே 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து 2018 மார்ச்சில் நடத்தியது. 1200 மார்க் 600 ஆனது. 'அவ்வளவுதான், நாமக்கல் கடையைக் கட்டிவிடும்' என்று என்னைப் போன்றவர்கள் எழுதினோம்.

எங்களுக்கு வியாபாரம் தெரியவில்லை. அடுத்த வருஷமே அதே காம்பவுண்டுக்குள் நீட் பயிற்சி மையம் வந்துவிட்டது. அத்தோடு புதிதாக ஒரு சரக்கும் சேர்ந்தது: 'ரிப்பீட்டர்' பேட்ச். பிளஸ் டூ முடித்துவிட்டு, இன்னொரு வருஷம் கூண்டு. நீதிபதி ஏ.கே. ராஜன் கமிட்டி 2021-ல் கொடுத்த அறிக்கையில் ஒரு புள்ளிவிவரம் உண்டு. 2016-17-ல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் 71.42 சதவீதம். அதாவது வெல்டர் சொன்ன இரண்டு வருஷக் கணக்கு பழைய கணக்கு. டாக்டர் கனவு என்றால் மூன்று வருஷத்துக்குப் போட வேண்டும், சில வீடுகளில் நான்கு.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வேண்டாம் என்று முடிவு. பிள்ளைகளுக்குச் சுமை குறையும் என்கிறார்கள், குறையட்டும். ஆனால் அந்தத் தேர்வு எந்த ஓட்டையை அடைக்க வந்ததோ அந்த ஓட்டை மறுபடி திறக்கிறது. நீட் எழுதும் பிள்ளைக்குப் பிளஸ் ஒன் பாடம் நடக்கும், பயம் இருக்கிறது. பொறியியல் போகிற பிள்ளைக்கு? அங்கே இன்னமும் பிளஸ் டூ மார்க் மட்டும்தான். கணக்கில் பிளஸ் ஒன் அஸ்திவாரம் இல்லாமல் வந்து முதல் செமஸ்டரில் திணறும் பிள்ளைகளைப் பற்றி ஒரு பொறியியல் கல்லூரி வாத்தியார் நண்பர் முன்பெல்லாம் என்னிடம் புலம்புவார். மறுபடி புலம்ப ஆரம்பிப்பார் என்று நினைக்கிறேன்.

அரசாங்கத்தின் வேடிக்கை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்த ஏழைப் பிள்ளைகளை, அரசே பணம் கட்டித் தனியார் விடுதிப் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்த்த திட்டம் உண்டு. உதவித்தொகை, நல்ல எண்ணம், எல்லாம் சரி. ஆனால் என் கடை இட்லி நன்றாக இருக்காது, எதிர்க் கடையில் சாப்பிடுங்கள், பில் நான் தருகிறேன் என்று முதலாளியே சொன்னால் அந்தக் கடைக்கு யார் வருவார்கள்? இப்போது மாவட்டத்துக்கொரு மாதிரிப் பள்ளி நடத்துகிறார்கள். உண்டு உறைவிடம், காசு இல்லை, பிள்ளைகள் ஐ.ஐ.டி.க்கெல்லாம் போகிறார்கள். 2020-லிருந்து மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் மாவட்டத்தின் நல்ல பிள்ளைகளை எல்லாம் ஒரே இடத்துக்கு அழைத்துக்கொண்டால், மிச்சமிருக்கும் பள்ளிகளில் பக்கத்து பெஞ்சைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

இவ்வளவும் யோசித்து, வெல்டருக்குப் போன் போட்டேன். சேர்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம் என்றேன். 487 வாங்கிய பெண் எங்கே இருந்தாலும் படிக்கும். அரசுப் பள்ளியிலேயே படித்தால் 7.5 ஒதுக்கீடு கிடைக்கும், நாமக்கல் போனால் அது போய்விடும். மூணரை லட்சத்தைக் கல்லூரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் சேர்ப்பதானால், காலையில் ஆபீஸ் ரூமில் ஏ.சி.யில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். ராத்திரி 9 மணிக்குப் போய் ஸ்டடி ஹாலைப் பாருங்கள். போன வருஷம் மொத்தம் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். பிளஸ் ஒன் பிள்ளையின் நோட்டு ஒன்றை வாங்கி, எந்தப் புத்தகம் நடக்கிறது என்று பாருங்கள். முக்கியமாக, உங்கள் பெண்ணைக் கேளுங்கள்.

பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது அத்தனையும் சரிங்க சார்" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆனா ஒண்ணுங்க. எங்கூரு ஸ்கூல்ல ரெண்டு வருசமா பிசிக்ஸ் வாத்தியார் இல்லீங்க. பொண்ணுதான் விசாரிச்சுட்டு வந்து சொல்லுச்சு. டவுன் ஸ்கூலுக்குப் போலாம்னா பஸ்சு காலைல ஒண்ணு, ராத்திரி ஏழரைக்கு ஒண்ணு. வயசுப் பொண்ணு. அட்வான்ஸ் கட்டிட்டேனுங்க."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 'சரிங்க' என்றேன்.

"வாத்தியாரைப் போட்டாங்கன்னா சொல்லுங்க சார். அரப்பரீச்சைக்குள்ளன்னாலும் பரவால்லீங்க. போய்க் கூட்டிட்டு வந்தர்றேன்" என்றார்.