ஏவியவரும் எரிந்தவனும்

1733இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலே பெர்கொலேசி என்னும் இளைஞரின் இசைநாடகமொன்று அரங்கேறியது. அதன் அங்கங்களுக்கிடையே, பார்ப்போரின் சலிப்பைப் போக்கச் சிறு நகைச்சுவை இசைநாடகமொன்றும் ஆடப்பட்டது. வேலைக்காரியொருத்தி தன் எசமானனை ஏய்த்து அவனையே மணக்கும் கதை அது. பெரிய நாடகத்தை இன்று நினைப்போர் சிலரே. இடைவேளைக்கென எழுதிய ‘எசமானியான வேலைக்காரி’யோ வாழ்கிறது. 1752இல் அது பாரிஸில் ஆடப்பட்டபோது இத்தாலிய இசையா, பிரெஞ்சு இசையா என்று பெரும் வாதம் மூண்டது. ரூசோ இத்தாலிய இசையின் பக்கம் நின்றார்.

இவ்வரலாற்றை வியந்து படிக்கும் நம் கற்றோர், அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் மாசி மாதம் ஆடப்படும் காமன் கூத்தை மட்டும் வெறுஞ் சடங்கென ஒதுக்குவதேன்? பாட்டும் ஆட்டமும் கதையும் ஒன்றிய அதுவும் இசைநாடகமே. கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவில் தொடங்கிய தேயிலைக்கும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் நெஞ்சிலே சுமந்து வந்த கலை அது. லயத்து முற்றமே அதற்கு அரங்கு. அமாவாசை கழிந்து காமன் ஊன்றுவர். ஆடவனே இரதியாவான். தப்பு முழங்கப் பல இரவுகள் ஆட்டம் நடக்கும். குறவன் குறத்தி வந்தால் முற்றமே சிரிக்கும்.

ஆனால் கதையின் சாரம் சிரிப்பன்று. சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதனை ஏவியவர் தேவர்கள்; எரிந்தவனோ மன்மதன். பிறர் காரியத்திற்கு அனுப்பப்பட்டவன் சாம்பலாகிறான். ஏவியவர்க்கு ஒரு தீங்கும் இல்லை. ஆள்கட்டும் கங்காணியின் வாக்கை நம்பிக் கடல் கடந்தோரின் பிள்ளைகளுக்கு இப்பொருளை விளக்க வேண்டுமா? நேப்பிள்ஸ் வேலைக்காரி தந்திரத்தால் வென்றாள். நம் இரதிக்கு ஒப்பாரியே ஆயுதம். புராணம் மன்மதனை மீட்டு அவள் கண்ணுக்கு மட்டும் காட்டுகிறது. அந்த ஆறுதலைவிட ஒப்பாரியே நமக்கு உண்மையாய்ப் படுகிறது.

இக்கூத்தை நாம் குறையற்றதெனப் போற்றவில்லை. தப்பொலியின்றிக் கூத்தில்லை, அத்தப்பை முழக்குவோனைச் சாதியின் பெயரால் தள்ளிவைத்த வழக்கமும் இதே சமூகத்தினதே.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. ஆடுவோரிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை. இரதியாய் ஆடியவன் மண்டபம் முகாமிலும் தப்படித்தவன் மஸ்கெலியாவிலுமாகப் பிரிந்தால் கூத்து என்னாகும்? ஆயினும் மலையகம் அதனைக் கைவிடவில்லை. மாசி பிறந்தால் காமன் ஊன்றும் தோட்டங்கள் இன்றும் உள்ளன.