தொண்ணூறு சதவிகிதம் - அளந்தது யார்?

சொட்டு நீர்ப் பாசனம் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஓர் எண். வாய்க்காலில் பாய்ச்சும் நீரில் பாதிகூடப் பயிரின் வேருக்குப் போய்ச் சேருவதில்லை. சொட்டு நீரிலோ 90 சதவிகிதம் போய்ச் சேருகிறது என்பார்கள். கையேடுகளில் இந்த எண் இருக்கிறது. சுவரொட்டிகளில் இருக்கிறது. மாணவர்களின் விடைத்தாள்களிலும் இருக்கிறது. இந்த எண்ணோடுதான் இன்று எனக்கு வழக்கு.

சொட்டு நீரின் மேல் எனக்குப் பகை ஏதும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலைக்கு வடக்கே, பொம்மிடியைச் சுற்றியுள்ள ஊர்களில் 'தோட்டம்' என்றால் பூந்தோட்டம் அல்ல. கிணற்று நீர் பாயும் நிலம். பாக்கும் தென்னையும் மஞ்சளும் அதில் விளைகின்றன. அடியில் இருப்பது கடும்பாறை. அப்பாறையின் வெடிப்புகளில் தங்கும் மழை நீரைத்தான் போர் போட்டு மேலே கொண்டு வருகிறோம். கோடையில் சில போர்கள் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம். இத்தகைய இடத்தில் வாய்க்காலை விட்டுக் குழாய்க்கு மாறியது நல்ல காரியமே.

ஆனால் 90 சதவிகிதம் என்பது குழாயோடு பிறந்த குணமா? புதிய மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடும் என்று விற்பவர் சொல்லலாம். ஏழு வருடம் ஓடித் தேய்ந்த வண்டிக்கும் அதே எண்ணைச் சொன்னால் சிரிக்கமாட்டோமா? 90 என்பது நன்றாக அமைத்து, நன்றாகப் பராமரித்து, அளந்தும் பார்த்த ஓர் அமைப்பில் கிடைக்கக்கூடிய எண். நாமோ அளப்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சொட்டு நீர்ப் பாசனம் பிறந்ததே ஓர் ஒழுகலிலிருந்துதான் என்பது வேடிக்கை. 1930களில் சிம்கா பிளாஸ் என்ற நீரியல் பொறியாளர், ஒரு மரம் மட்டும் பக்கத்து மரங்களைவிடப் பெரிதாக வளர்ந்திருப்பதைக் கண்டார். அருகில் சென்ற குழாயின் ஒழுகலே அதற்குக் காரணம். பின்னர் பிளாஸ்டிக் குழாய் வந்தபோது அந்த நினைவு பயன்பட்டது. 1965-இல் இஸ்ரேலின் ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணையில் சொட்டுவான்கள் தொழிலாக உருவாயின. நம் நாட்டில் 1970களிலேயே கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிய ஆய்வுகள் நடந்தன. ஆக, வேண்டிய இடத்தில் ஒழுகினால் பாசனம். வேண்டாத இடத்தில் ஒழுகினால் கசிவு. இரண்டுக்கும் இயற்பியல் ஒன்றே.

பொம்மிடியில் என் மாமாவுக்கு ஒரு பாக்குத் தோட்டம் உண்டு. சென்ற கோடையில் அங்கே போயிருந்தபோது, கடைசி இரண்டு வரிசை மரங்கள் மட்டும் மட்டை தொங்கி நின்றன. நடுவில் ஓரிடத்திலோ கோரை செழித்துக் கிடந்தது. கோரையை விலக்கினேன். அணில் கடித்த குழாய். தண்ணீர் ஊசிபோல் பீறிட்டுக்கொண்டிருந்தது. மாமாவிடம் சொன்னேன்.

"அது கெடக்குது மாப்ள, சொட்டுச் சொட்டாத்தானே போவுது. கரண்டுக்குக் காசா, தண்ணிக்குக் காசா?" என்றார்.

சொட்டுச் சொட்டாகத்தான் போகிறதா? குழாயைச் சுற்றிப் பழைய துணி ஒன்றைக் கட்டி, அதன் நுனியைக் கீழே குழி தோண்டி வைத்த சொம்புக்குள் தொங்கவிட்டேன். பீறிடும் நீர் துணி வழியே இறங்கிச் சொம்பில் விழும். ஒரு லிட்டர் நிறைய 40 விநாடி ஆயிற்று. அதாவது மணிக்கு 90 லிட்டர்! மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான்கள் 22 சேர்ந்தாலும் இவ்வளவு நீரைக் கொடுக்கமுடியாது. இருபத்திரண்டு மரங்களின் பங்கைக் கோரை குடித்துக்கொண்டிருந்தது.

இதில் வியப்பில்லை. பதினேழாம் நூற்றாண்டில் டாரிசெல்லி சொன்ன விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். குழாய்க்குள் ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோகிராம் அழுத்தம் இருந்தால், அது 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். அந்த அழுத்தத்தில் துளையிலிருந்து நீர் விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் வெளிப்படும். துளையின் வாயில் நீர்த்தாரை சுருங்குவதற்காக 0.6 என்ற எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள். 1 மி.மீ. விட்டமுள்ள துளை மணிக்குச் சுமார் 24 லிட்டர் விடும். 2 மி.மீ. துளை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு விடும்: 95 லிட்டர்.

இனி ஓர் ஏக்கர் பாக்குத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்பது அடிக்கு ஒன்பது அடி நட்டால் சுமார் 540 மரங்கள். மரத்துக்கு ஒரு சொட்டுவான் என்றால் மணிக்கு 2,160 லிட்டர் தேவை. அத்தோட்டத்தில் 2 மி.மீ. துளைகள் பத்து இருப்பதாக வையுங்கள். பழைய தோட்டத்தில் இது பெரிய எண்ணிக்கை அல்ல. அழுத்தம் குறையாமல் இருந்தால் 950 லிட்டர் அவற்றின் வழியே போகும். மோட்டார் இறைக்கும் நீரில் இது 30 சதவிகிதத்துக்கும் மேல். ஆவியாதலையும் ஆழத்தில் வடிதலையும் எண்ணுவதற்கு முன்பே நம்முடைய 90, எழுபதாகிவிட்டது.

உண்மையில் அழுத்தம் குறையாமல் இருப்பதில்லை என்பதுதான் அடுத்த தொல்லை. சாதாரணச் சொட்டுவானில் நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கசிவால் கடைசி வரிசையில் 10 மீட்டர் அழுத்தம் 6.4 மீட்டராக இறங்கினால், அங்குள்ள மரத்துக்கு நான்கு லிட்டருக்குப் பதில் 3.2 லிட்டர்தான். மாமாவின் கடைசி வரிசை ஏன் வாடியது என்பது இப்போது புரிகிறதல்லவா? அதைப் பார்த்த அவர் என்ன செய்தார்? இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக மோட்டாரை ஓட்டினார். கோரைக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது.

கசியும் நீர் மண்ணுக்குள்தானே போகிறது, கிணற்றுக்கே திரும்பி வராதா என்று சிலர் கேட்பார்கள். ஒரு பகுதி வரலாம், மறுக்கவில்லை. ஆனால் 500 அடி ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டர் நீரை ஏற்ற, பம்பின் திறன் 40 சதவிகிதம் என்று கொண்டால், ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். தோட்டக்காரருக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்த யூனிட்டுக்குச் செலவு இல்லை என்றாகிவிடாது. குழாய் வழியே உரமும் விட்டிருந்தால் அதுவும் சேர்ந்து போகிறது.

இப்போது கையேடுகளுக்கு வருவோம். நான் பார்த்தவற்றில் வடிகட்டியைக் கழுவுவது, குழாயின் கடைக்கோடி மூடியைத் திறந்து விடுவது, உப்பு அடைப்புக்கு அமிலம் விடுவது ஆகியவை படத்துடன் விளக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் மாவட்டத்து உப்பு நீருக்கு இவை அவசியமே. கசிவுக்கோ ஒரே வரி: 'கசிவு இருப்பின் சரிசெய்யவும்'. எவ்வளவு கசிகிறது என்று எப்படி அறிவது? அதைக் காணோம். 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி பாசனத் திட்டத்திலும் மானியத்தின் அலகு ஹெக்டேர். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் தருகிறார்கள், பாராட்டவேண்டிய செய்தி. எனினும் நீரைச் சேமிக்க வந்த திட்டத்தின் வெற்றியை நிலப்பரப்பால் அளப்பது, பாலின் அளவைப் பசுக்களின் எண்ணிக்கையால் சொல்வதுபோல் இருக்கிறது.

அளப்பது கடினமான வேலையா என்றால், இல்லை. நகரக் குடிநீர்ப் பொறியாளர்கள், ஊர் உறங்கும் பின்னிரவில் குழாயில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். யாரும் பிடிக்காத நேரத்தில் ஓடும் நீரில் பெரும்பங்கு கசிவாகவே இருக்கும். தோட்டத்திலும் இதைச் செய்யலாம். தலைக்குழாயில் ஒரு நீர்மானி வைத்து, எல்லா வயல் வால்வுகளையும் மூடிவிட்டுச் சிறிது நேரம் மட்டும் மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். உபரி அழுத்தம் வெளியேற வழி இல்லாத அமைப்பில் இதைச் செய்யவேண்டாம். மானி ஓடினால் கசிவு தலைக்குழாயில். பிறகு ஒரு வயலைத் திறந்து, சொட்டுவான்கள் தரும் மொத்த நீரை மானியின் கணக்கிலிருந்து கழித்தால், மீதி அந்த வயலின் கசிவு.

சொட்டுவான்கள் தரும் நீரை எப்படி அறிவது? நான்கு பக்கக் குழாய்களில், ஒவ்வொன்றிலும் தொடக்கம், மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, கடைசி ஆகிய நான்கு இடங்களில் டம்ளர் வைத்துப் பதினாறு அளவுகள் எடுங்கள். சராசரியைச் சொட்டுவான்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம். மிகக் குறைந்த நான்கு அளவுகளின் சராசரியைப் பொதுச் சராசரியால் வகுத்தால் சீர்மை கிடைக்கும். அது 90-க்கு மேல் இருந்தால் நன்று. 70-க்குக் கீழே இறங்கினால் அடைப்போ கசிவோ இருக்கிறது.

நீர்மானிக்குப் பதில் டிரம்மைப் போரின் வாயில் வைத்து நிரப்பி நேரம் பார்ப்பவர்கள் உண்டு. இதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. திறந்த வாயில் பம்ப் கூடுதலாக நீர் தள்ளும். குழாயின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும்போது குறைவாகவே வரும். பாசனத்தின்போது அழுத்தமானி காட்டும் அளவே மறுபடி காட்டும்வரை வால்வைத் திருகிவிட்டு, அதன் பிறகு டிரம்மை நிரப்பவேண்டும்.

அழுத்தத்தைக் குறைத்தாலே கசிவு குறையும் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். வட்டத் துளையில் அழுத்தத்தை இரட்டித்தால் கசிவு 1.4 மடங்குதான். ஆனால் வெயிலில் காய்ந்து நெடுக வெடித்த பிளாஸ்டிக் குழாயில், அழுத்தம் ஏற ஏற வெடிப்பே அகன்று கொடுப்பதால், கசிவு 2.8 மடங்கு வரை ஏறக்கூடும். தேவைக்கு மீறிய குதிரைத்திறனில் மோட்டார் வாங்குவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மாமா அன்று மாலை சைக்கிள் டியூபைக் கிழித்து அந்தக் கடியைச் சுற்றிக் கட்டினார். ஜாயினர் வாங்கி வரச் சொன்னேன். சந்தைக்குப் போகும்போது பார்க்கலாம் என்றார். மறுபடி சொம்பை வைத்தேன். ஒரு லிட்டர் நிறைய இருபது நிமிடம் ஆயிற்று. மணிக்கு மூன்று லிட்டர்.

"இப்ப எத்தனை மரத்துத் தண்ணி போவுது?" என்று கேட்டார்.

"முக்கால் மரம்," என்றேன். மேல் வரிசையிலும் ஒரு கோரைத் திட்டு இருப்பதாகச் சொல்லி, சொம்பை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.