வார்த்ததும் அடித்ததும்

பாத்திரக் கடைக்குப் போனால் ஒவ்வொன்றும் எந்த வழியில் உருவானது என்று பார்ப்பது என் வழக்கம். வெண்கலப் பானை வார்ப்பு. செம்பில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தால், ஆறிய நிலையில் அந்த உலோகம் அடி தாங்காது, விரிசல் விடும். அதனால் உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். அந்தக் கனத்தால்தான் பொங்கலை இறக்கிவைத்த பிறகும் சூடு நிற்கிறது.

எனக்கு வியப்பு என்னவோ எவர்சில்வர் டம்ளர்தான். வட்டத் தகட்டை அச்சுக்குள் அழுத்தி இறக்குகிறது பிரஸ். விளிம்பை லேசாகப் பிடித்தால் சுருக்கம் விழும். இறுக்கிப் பிடித்தால் அடிப்பக்கம் கிழியும். உயரமான டம்ளர் ஒரே இழுப்பில் வராது, படிப்படியாக இழுக்க வேண்டும். அச்சுக்கு ஆகும் செலவோ பெரிது, ஆயிரக்கணக்கில் போட்டால்தான் கட்டுப்படியாகும். கொஞ்சம் போதும் என்றால், சுழலும் தகட்டை நீளக் கம்பியால் அழுத்தி ஓர் உருளை அச்சின்மேல் படியவைப்பார்கள். பாலிஷ் மறைக்காத இடத்தில் மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும்.

அரிவாள் விஷயம் வேறு. லாரியின் வில் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி அடித்த அரிவாள் கல்லில் பட்டால் வாய் மழுங்கும். வார்ப்பிரும்பு என்றால் துண்டாகிவிடும். அதே வார்ப்பிரும்பு தோசைக்கல்லாக வந்தால் நான் அதன் கட்சி. மெல்லிய தகட்டுக் கல் சூட்டில் நெளிந்து, எண்ணெய் எல்லாம் ஓரத்துக்கு ஓடுகிறது.